ஆவடி விலாசத்தில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை

ஆவடி என்றால் நமக்கு டேங்க் பேக்டரி. கொஞ்சம் அரசியல் படித்தவர்களுக்கு 1955 காங்கிரஸ் மாநாடு. ஆனால் தொழுநோய் பற்றிய மருத்துவ இதழ்களைப் புரட்டுகிறவர்களுக்கு ஆவடி என்பது கட்டுரைத் தலைப்புக்குக் கீழே வரும் ஒரு விலாசம். ஆக்ராவில் இருக்கும் மத்திய ஜால்மா தொழுநோய் நிலையத்தின் கள ஆய்வுப் பிரிவு இங்கேதான் இருந்தது.

பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எல்லாம் கணக்குதான் நண்பர்களே! ஒரு விஞ்ஞானியின் கட்டுரையை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணுவது கிட்டத்தட்ட பேரேடு எழுதுவது மாதிரி. அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்டு 1955இல் இந்த யோசனையைச் சொன்னார். 1964இல் 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' வெளிவந்தது. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 'ஹெச் இண்டெக்ஸ்' கொண்டுவந்தார். தலா பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட பத்து கட்டுரைகள் இருந்தால் உங்கள் மதிப்பு 10. ஒரே ஒரு கட்டுரை எழுதி, அதை ஆயிரம் பேர் காட்டினாலும் மதிப்பு வெறும் 1!

இப்போது ஆவடிக்கு வருவோம்.

டாக்டர் எம்.டி. குப்தேயும் அவருடைய குழுவும் தென்னிந்தியாவில் நடத்திய தொழுநோய்த் தடுப்பூசிச் சோதனை 1991 ஜனவரியில் தொடங்கியது. சுமார் 3 லட்சம் பேரில் 2,16,000 பேர் தகுதி பெற்றார்கள். அதில் 1,71,400 பேர் தாமாக முன்வந்து ஊசி போட்டுக்கொண்டார்கள். ஆள் சேர்க்கவே இரண்டரை வருடம் ஆனது. பி.சி.ஜி., பி.சி.ஜி.யோடு கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமி, எம்.டபிள்யூ., ஐ.சி.ஆர்.சி. என்று நான்கு தடுப்பூசிகள். ஐந்தாவது வெறும் உப்பு நீர். யாருக்கு எது என்று ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. அப்புறம் இரண்டு முறை திரும்பப் போய் அதே மக்களைப் பரிசோதித்தார்கள். ஒவ்வொரு முறையும் 70 சதவீதத்துக்கு மேல் ஆட்களைக் கண்டுபிடித்தார்கள். (நம் வகுப்பு ப்ராஜெக்ட்டுக்கு ஐம்பது பேரிடம் கேள்வித்தாள் கொடுத்துத் திரும்ப வாங்குவதற்குள் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.)

முடிவு 1998இல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் லெப்ரசி'யில் வந்தது. ஐ.சி.ஆர்.சி. 65.5 சதவீதப் பாதுகாப்பு, கலவை ஊசி 64, பி.சி.ஜி. மட்டும் 34.1, எம்.டபிள்யூ. 25.7. கடைசி எண்ணுக்கு அவர்கள் கொடுத்த எல்லை 1.9 முதல் 43.8 வரை. அதாவது நிஜமான பலன் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், ஓரளவு நன்றாகவும் இருக்கலாம். நோயின் கடுமையான வகைகளைத் தடுக்குமா என்று சொல்லப் போதுமான நோயாளிகள் சேரவில்லை என்பதையும் அவர்களே எழுதினார்கள். இந்த நேர்மைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

எட்டு வருட உழைப்பு, ஒன்றே முக்கால் லட்சம் பேர். ஹெச் இண்டெக்ஸ் கணக்கில் பார்த்தால் இது ஒரே ஒரு கட்டுரை. ஆய்வுக்கூடத்தில் எலிகளை வைத்து வருடத்துக்கு நாலு கட்டுரை போடுகிறவர் இந்தக் கணக்கில் சுலபமாக முந்திவிடுவார். எனக்கு இது என்னவோ, பத்து ரூபாய் பில்லையும் பத்து லட்ச ரூபாய் பில்லையும் 'ஒரு பில்' என்று எழுதுகிற கணக்குப்பிள்ளை மாதிரிதான் படுகிறது.

சென்னையில் இருந்துகொண்டே இந்த மேற்கோள் கணக்கை ஆராய்ந்தவர் சுப்பையா அருணாசலம். 2002இல் குணசேகரனோடு சேர்ந்து 'கரன்ட் சயின்ஸ்' இதழில் இந்தியா, சீனா இரண்டின் காசநோய் ஆராய்ச்சியை எடை போட்டார். நோய்ச் சுமை மலையளவு, ஆராய்ச்சியில் பங்கோ மிகக் குறைவு என்று காட்டினார். கணக்கைச் சரியான கேள்விக்குப் பயன்படுத்தினால் அதற்கும் மதிப்பு உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆவடிப் பிரிவு 1999இல் சென்னையின் மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிலையத்தோடு இணைந்து தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் ஆனது. குப்தேதான் முதல் இயக்குநர். இன்று அதன் வளாகம் அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில் இருக்கிறது.

தடுப்பூசிகள் என்ன ஆயின? சோதனையில் முதலில் வந்த ஐ.சி.ஆர்.சி. பெயரை இன்று அதிகம் பேர் சொல்வதில்லை. கடைசியாக வந்த எம்.டபிள்யூ.வுக்கு, அதை உருவாக்கிய டாக்டர் பிரான் தல்வாரின் பெயரையும் தேசிய நோய்எதிர்ப்பியல் நிறுவனத்தின் பெயரையும் சேர்த்து 'மைக்கோபாக்டீரியம் இண்டிகஸ் பிரானி' என்று பெயர் சூட்டினார்கள். நோயாளிகளின் வீட்டாருக்குப் போட்டுப் பார்த்த இன்னொரு சோதனையில் அதற்கு நல்ல பலன் கிடைத்திருந்தது. பிறகு பீகார், குஜராத் மாவட்டங்களில் அதைக் கொடுக்கப் போவதாக அறிவிப்பும் வந்தது. அதைப் பற்றி முழுதாக எழுத உட்காருகிறவர் யாராக இருந்தாலும் அந்த 25.7ஐத் தாண்டிப் போக முடியாது.