மெல்லொலிக்கும் பெருக்கி

மின் கிதார் 1932இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. வாத்தியக் குழுவின் பேரொலியில் கிதார் அமுங்கிப் போனதே காரணம். அதனுடன் சேர்ந்த ஆம்ப்ளிஃபயர், அதாவது பெருக்கி, உரக்க ஒலிக்கவே பிறந்தது.

நம் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) அதற்கு வேறொரு வேலை கொடுத்தார். மாண்டலினில் மீட்டிய நாதம் விரைவில் தேய்ந்துவிடும். கமகம் முடியுமுன் ஒலி மறையும். எனவே நான்கு இரட்டைத் தந்திகளுக்குப் பதிலாக ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினை வாசித்தார். தேயும் அதிர்வையும் பெருக்கி நம் செவிக்குக் கொணர்ந்தது!

சந்தவாசலில், சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் கிதார் பழகும் மாணவரே, உமக்கு வேண்டியதும் இதுவே. 10 வாட்டுக்குப் பதில் 1 வாட் பெருக்கி வாங்கினால் ஒலி பத்திலொன்றாகிவிடாது. 10 டெசிபல் குறையும், அதாவது செவிக்கு ஏறக்குறையப் பாதி. அந்த 1 வாட்டே பக்கத்து வீட்டில் கேட்கும்.