உதயாதி நாழிகையும் உப்பளத்துப் பொழுதும்

பஞ்சாங்கத்தில் ஒரு திதிக்கு எதிரே 15 நாழிகை 30 விநாழிகை என்று அச்சிட்டிருந்தால், அது கடிகார மணி அன்று. அன்றைய சூரிய உதயத்திலிருந்து அவ்வளவு பொழுது கழிந்ததும் திதி முடிகிறது என்று பொருள். இதற்கு உதயாதி நாழிகை என்று பெயர். நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, விநாழிகைக்கு 60 தற்பரை. இன்றைய அளவில் இவை முறையே 24 நிமிடம், 24 நொடி, 0.4 நொடி. முன்பு இதை அளந்த கருவி நாழிகை வட்டில். அடியில் நுண்ணிய துளையிட்ட அந்தக் கிண்ணத்தை நீரில் மிதக்கவிடுவார்கள். அது நிறைந்து மூழ்கினால் ஒரு நாழிகை. கன்னல் என்னும் நீர்க்கருவியை வைத்து அரசனுக்குப் பொழுது சொல்லும் நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டின் பாசறைக் காட்சியில் காணலாம்.

ஒரே கால இடைவெளியை எந்த அலகில் சொல்வது, எந்த அலகோடு நிறுத்துவது என்பதைத் தொழிலே முடிவு செய்தது. மரக்காணம் கரை இதற்கு நல்ல சான்று. கழுவெளி ஏரி கடலோடு சேரும் கழியை ஒட்டிய உப்பளங்களில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் வேலை தொடங்கும். அடுத்த மழைக்காலம் நெருங்கும்வரை நடக்கும். உள்ளே விடும் நீர், உப்புச் செறிவைக் காட்டும் பாமே அளவில் ஏறக்குறைய 3 டிகிரி இருக்கும். வெயிலிலும் காற்றிலும் வற்றி 25 டிகிரியை எட்டும்போது உப்புப் படியத் தொடங்குகிறது. 30 டிகிரியை நெருங்கவிட்டால் மெக்னீசிய உப்புகளின் கசப்பு கலந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். இங்கே பொழுதுக்கு அலகு நாளும் வாரமும்தான். நொடிக் கணக்கு பாத்திக்குப் பயன்படாது. ஒரே நாள் மழையோ பல வாரக் கணக்கைக் கரைத்துவிடும்.

கடிகார மணி இக்கரைக்குச் சென்னை வழியாக வந்தது. 1792-இல் எழுந்த மதராஸ் வானாய்வுக்கூடத்தின் நேரம், கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியதாகக் கொள்ளப்பட்டது. ரயில்வேயும் அதையே பின்பற்றியது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் 5 மணி 30 நிமிடம் ஆனது. மரக்காணத்தின் சூரியப் பொழுது இதைவிட ஏறத்தாழ 10 நிமிடம் பிந்தியது. ஆனால் கடந்த நேரத்தை இந்த மாற்றம் எதுவும் தொடாது: இரண்டு கணங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி எந்த மணிக்கணக்கிலும் ஒன்றே.

இந்த உண்மையைக் கணினி முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது. யுனிக்ஸ் கணக்கு 1970 ஜனவரி 1, கிரீனிச் நள்ளிரவிலிருந்து நொடிகளை எண்ணுகிறது. உதயம் நாளுக்கு நாள் நகரும். இந்தத் தொடக்கம் நகராது. 1988-இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் உருவாக்கிய ஐஆர்சி அரட்டையில், ஒருவர் எவ்வளவு நேரமாகப் பேசாமல் இருக்கிறார் என்று கேட்டால், சர்வர் வெறும் நொடி எண்ணிக்கையைத்தான் அனுப்பும். அதை மனிதர் படிக்கும்படி பிரிப்பது பயனர் பக்கத்து மென்பொருளின் வேலை. காலித் மர்தம் பே 1995-இல் வெளியிட்ட, அத்தகைய மென்பொருளான எம்ஐஆர்சியின் ஸ்கிரிப்ட் மொழியில் அதற்காகவே ‘டியூரேஷன்’ என்ற கட்டளை உண்டு. அது கொடுத்த எண்ணை வாரம், நாள், மணி, நிமிடம், நொடி என்று பிரித்துத் தரும். கூடவே 2 என்று கொடுத்தால் நொடியை விட்டுவிடும். 3 என்று கொடுத்தால் கடிகாரம்போல இரட்டை இலக்கங்களில் காட்டும்.

1,00,000 நொடியைக் கொடுத்தால் 1 நாள் 3 மணி 46 நிமிடம் 40 நொடி என்று வரும். பஞ்சாங்கக்காரர் கையில் அதே இடைவெளி 1 நாள் 9 நாழிகை 26 விநாழிகை 40 தற்பரை. இரண்டிலும் வழி ஒன்றே: பெரிய அலகால் வகுத்து, மீதியை அடுத்த அலகுக்குத் தள்ளுவது.

புதிதாக ஸ்கிரிப்ட் எழுதுவோர் வழுக்கும் இடம், இடைவெளியைத் தேதியாக நினைத்து ‘ஏஎஸ்சிடைம்’ கட்டளையிடம் கொடுப்பது. அது 600 நொடியை 1970-இன் முதல் நாளில் ஒரு தருணமாகக் கொண்டு, உள்ளூர் நேர வேறுபாட்டையும் கூட்டிவிடும். மரக்காணத்துக் கணினியில் 10 நிமிட மௌனம் 5 மணி 40 நிமிடமாகத் தெரியும். லண்டனில் குளிர்காலத்தில் சோதித்தவருக்கு இந்த வழி சரியாகவே தோன்றியிருக்கும். இந்திய நேரத்தில் பிழை வெளிப்பட்டுவிடும்.

டியூரேஷனில் வாரத்துக்கு மேல் அலகு இல்லை. மாதமும் ஆண்டும் ஒரே நீளம் கொண்டவை அல்ல. வெறும் நொடி எண்ணிக்கையை அவற்றால் பிழையின்றி வகுக்க முடியாது. அவற்றைச் சேர்க்காமல் விட்டது சரியான முடிவு.