சும்மா இருந்தவளின் விலை

விபத்தில் இறந்தவருக்காக இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் மனுவில் 'தொழில்' என்று ஓர் இடம் உண்டு. இறந்தவள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் என்றால் அங்கே 'இல்லத்தரசி' என்று எழுதுவார்கள். அடுத்து 'மாத வருமானம்' வரும். பேனா அங்கேதான் தயங்கும்.

வண்டி ஓட்டியவரின் தவறைப் பற்றி இவ்வளவு தயக்கம் இல்லை. கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது ஆபத்தான ஓட்டுதல் என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவிலேயே சேர்த்துவிட்டது. சாட்சியும் படமும் இருந்தால் குற்றம் யார் மேல் என்பது ஒருவழியாக முடிவாகும். வழக்கு இழுபடுவது அடுத்த கேள்வியில்: போனவள் எவ்வளவு பெறுவாள்?

இந்தக் கேள்விக்கு நீண்ட பரம்பரை உண்டு. பழைய ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில், மனைவிக்கு அடிபட்டால் அவளுடைய பணிவிடையும் துணையும் தனக்கு இல்லாமல் போனதற்காகக் கணவன் வழக்குப் போடலாம். வேலைக்காரனை இழந்த எஜமானுக்கு இருந்ததும் ஏறக்குறைய இதே உரிமைதான். கணவனுக்கு அடிபட்டால் மனைவிக்கு அப்படி ஓர் உரிமை கிடையாது. 1952-இல் கூட பிரிட்டனின் பிரபுக்கள் சபை அதை மறுத்தது. ஆக, வீட்டு வேலைக்கு மதிப்பு இருப்பது சட்டத்துக்கு எப்போதும் தெரியும். அந்த மதிப்பு யாருடையது என்பதில்தான் அதற்குச் சந்தேகமே இல்லாமல் இருந்தது.

இந்தியாவில் 1855-இல் வந்த உயிரிழப்பு விபத்துச் சட்டம், இறந்தவரால் குடும்பத்துக்குக் கிடைத்து வந்ததை இழப்பாகக் கருதியது. சம்பளக்காரர் என்றால் கணக்கு சுலபம். மற்றவர்களுக்காக 1994-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓர் அட்டவணை சேர்த்தார்கள். வருமானம் இல்லாதவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் வருமானம் இருந்ததாக வைத்துக்கொள்ளலாம். வாழ்க்கைத் துணை என்றால், சம்பாதிக்கும் துணையின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு.

15,000 என்பது நாளுக்கு நாற்பத்தோரு ரூபாய். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தொகை அசையவே இல்லை. ஆனால் எனக்கு அதைவிட உறுத்துவது அந்த மூன்றில் ஒரு பங்குதான். பொறியாளரின் மனைவி வைக்கும் சாம்பாருக்கு ஒரு விலை, அவர் வீட்டுக்கு வரும் தச்சரின் மனைவி வைக்கும் சாம்பாருக்கு இன்னொரு விலை. இருவரும் ஒரே நேரத்தில்தான் எழுந்திருக்கிறார்கள், ஒரே அளவு பாத்திரம்தான் தேய்க்கிறார்கள். உழைப்பின் மதிப்பை உழைத்தவளிடம் பார்க்காமல் அவள் புருஷனின் சம்பளச் சீட்டில் போய்ப் பார்க்கிற கணக்கு இது.

இதை உடைக்கும் முயற்சிகளும் நீதிமன்றங்களுக்குள்ளேயே நடந்தன. முதல் அசைவு சாலை விபத்தில் வரவில்லை. 1989 மார்ச்சில் ஜாம்ஷெட்பூர் விழா ஒன்றில் நடந்த தீ விபத்தில் வந்தது. அதில் இறந்த இல்லத்தரசிகளின் பணிக்கு முதலில் மாதம் ஆயிரம் ரூபாய் அளவில்தான் மதிப்புப் போட்டிருந்தார்கள். 2001-இல் உச்ச நீதிமன்றம் அது மிகக் குறைவு என்று சொல்லி 3,000 ஆக்கியது. பிறகு சாலை விபத்து வழக்குகளும் அந்த 3,000-ஐ ஓர் அளவுகோலாகப் பிடித்துக்கொண்டன.

2009-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் வேறு திசையில் யோசித்தார். அவள் வெளியே வேலைக்குப் போயிருந்தால் என்ன சம்பாதித்திருப்பாள்? திருமணத்தைச் சமபங்குக் கூட்டு என்று கொண்டால் அவள் பங்கு எவ்வளவு? அவள் செய்ததை ஆள் வைத்துச் செய்தால் என்ன கூலி ஆகும்? இந்த மூன்று வழிகளையும் அவர் தீர்ப்பில் எடுத்து வைத்தார். பெண்ணியப் பொருளாதாரம் வகுப்பறையில் பேசிக்கொண்டிருந்தது, விபத்து வழக்கின் தீர்ப்புக்குள் வந்தது.

அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை எடுத்துப் பேசியது. இறந்தவருடைய கணவரின் மாத வருமானம் 15,416 ரூபாய். அட்டவணைப்படி ஆறு லட்சம் வருகிறது என்று பார்த்த பிறகும், அவர் சம்பாதிக்காதவர்தானே என்று சொல்லித் தீர்ப்பாயம் இரண்டரை லட்சமாகக் குறைத்திருந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. உச்ச நீதிமன்றம் ஆறு லட்சம் கொடுத்தது. நீதிபதி ஏ.கே. கங்குலி, 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டு வேலை செய்யும் சுமார் 36 கோடிப் பெண்களை உழைக்காதவர்கள் என்று பிச்சைக்காரர்கள், பாலியல் தொழிலாளர்கள், கைதிகளோடு ஒரே வகையில் வைத்ததைச் சுட்டிக்காட்டி, சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றார். (பாலியல் தொழிலாளி உழைக்காதவரா என்ற கேள்வியை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. அது தனியே எழுத வேண்டியது.)

2021 ஜனவரியில் நீதிபதி என்.வி. ரமணா, 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வை எடுத்துக்காட்டினார்: ஊதியமில்லா வீட்டு வேலையில் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம்.

இத்தனைக்கும் பிறகு 2024 பிப்ரவரியில் உத்தராகண்டிலிருந்து ஒரு வழக்கு வந்தது. 2006-இல் விபத்தில் இறந்த பெண். தீர்ப்பாயம் கொடுத்தது இரண்டரை லட்சம். அவருடைய வருமானத்தை ஒரு தினக்கூலித் தொழிலாளியின் வருமானத்துக்கும் கீழே வைத்திருந்தார்கள். அது எப்படி என்று கேட்டு, உச்ச நீதிமன்றம் ஆறு லட்சமாக உயர்த்தியது. பதினான்கு வருட இடைவெளியில் அதே இரண்டரை, அதே ஆறு. தங்கம் இடையில் எங்கே போய் நின்றது என்பது எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும்.

இந்தத் தொகைகளெல்லாம் இறந்த பிறகு வந்தவை. வாங்கியது கணவரும் பிள்ளைகளும். இடுப்பெலும்பு முறிந்து உயிரோடு இருக்கும் பெண் தன் பெயரிலேயே மனு போடும்போது அதே கேள்வி அவள் முகத்துக்கு நேராக வருகிறது: "வேலைக்குப் போகலையேம்மா, அப்புறம் என்ன நஷ்டம்?" அந்த நேரத்தில் அவள் வீட்டில் யாரோ ஒருத்தி, பெரும்பாலும் மூத்த மகள், பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுச் சோறு வடித்துக்கொண்டிருப்பாள். அவளுடைய பெயர் மனுவில் எங்கேயும் இருக்காது.