மிதிவண்டிப் பூட்டு

மிதிவண்டிப் பூட்டு என்பது நிறுத்தி வைத்த வண்டியைத் திருட்டிலிருந்து காக்கும் கருவி. வண்டியோடு மூட்டை முடிச்சும் பறிபோகக்கூடும் என்பதால் நெடும்பயணத்தில் இதன் தேர்வு முக்கியமானது.

வகைகள்: தமிழ்நாட்டிலும் நெதர்லாந்திலும் பரவலான வளையப் பூட்டு, பின்சக்கர ஆரங்களுக்கு இடையே வளைகம்பியைச் செலுத்தி உருளவிடாமல் தடுக்கும், வண்டியைத் தூக்கிச் செல்வதைத் தடுக்காது. கம்பிவடப் பூட்டு எடை குறைந்தது, ஆனால் கைக்கு அடக்கமான வெட்டுக்கருவிக்கே அறுபடும். சங்கிலி வலியது, கனமானது. கடினமாக்கிய எஃகாலான யூ வடிவப் பூட்டு 1970களில் அமெரிக்காவில் பரவியது. அதன் குழல்வடிவச் சாவித்துளையை மலிவான பந்துமுனைப் பேனாவின் பிளாஸ்டிக் குழாயால் திறக்கலாம் என்பது 2004இல் அம்பலமானதும், தட்டைச் சாவிகள் அதன் இடத்தைப் பிடித்தன.

பூட்டும் முறை: அமெரிக்க மிதிவண்டி வல்லுநர் ஷெல்டன் பிரவுன் (1944–2008) பரப்பிய முறையில், சிறிய யூ பூட்டு பின்சட்டக முக்கோணத்துக்குள் சக்கர விளிம்பையும் கம்பத்தையும் சேர்த்துப் பிணைக்கிறது. விளிம்பையும் டயரையும் அறுக்காமல் வண்டியை விடுவிக்க முடியாது. நெம்புகோலைத் திருப்பியதும் கழன்றுவிடும் முன்சக்கரத்துக்குத் தனிக் கம்பிவடம் வேண்டும்.

உடைமைகள்: பக்கப்பைகள் கொக்கியில் மாட்டப்படுபவை, ஒரே இழுப்பில் கழலும். எனவே கடவுச்சீட்டு, பணம், கேமரா ஆகியவை கைப்பிடிப் பையில் வைக்கப்பட்டு, இறங்கும்போதெல்லாம் தோளில் எடுத்துச் செல்லப்படுகின்றன. பெடல் அச்சுக்கூட்டின் அடியில் பெரும்பாலும் பொறித்திருக்கும் சட்டக எண், காவல்துறைப் புகாரில் வண்டியை அடையாளம் காட்ட உதவும்.