கருணை மனுவும் குற்றமின்மை வாதமும்: றோசன்பேர்க் வழக்கு குறித்த ஒரு மீள்நோக்கு

1953 யூன் 19ஆந் திகதி மாலை, யூதரின் ஓய்வுநாள் தொடங்குவதற்குச் சற்று முன்னர், நியூயோர்க் மாநிலத்துச் சிங் சிங் சிறைச்சாலையில் யூலியஸ் றோசன்பேர்க்கும் அவர் மனைவி எதெலும் மின் நாற்காலியிற் கொல்லப்பட்டனர். சோவியத் ஒன்றியத்துக்காக உளவுபார்க்கச் சதிசெய்தனர் என்பது அவர்கள்மீது நிறுவப்பட்ட குற்றம். அவர்களுக்காக உலகெங்கும் எழுந்த கருணை வேண்டுகோள் உண்மையில் எதனைக் கேட்டது என்பதையே நாம் இங்கு நோக்க விரும்புகிறோம்.

அவ்வேண்டுகோளினுள் இரு குரல்கள் கலந்திருந்தன. இவர்கள் குற்றமற்றவர்கள் என்றது ஒன்று. குற்றம் எதுவாயினும் இத்தண்டனை அளவு மீறியது என்றது மற்றையது. பொதுக்கூட்ட மேடைகளில் முதலாவதே ஓங்கி ஒலித்தது. ஆயின் கருணை மனு என்னும் சட்ட ஏற்பாடு தன் இயல்பில் இரண்டாவதையே சார்ந்தது. அதற்கு வலுவான ஆதாரங்களும் இருந்தன. அணுகுண்டுத் திட்டத்தின் உள்ளிருந்தே இரகசியங்களை வழங்கிய விஞ்ஞானி கிளவுஸ் ஃபுக்ஸுக்குப் பிரித்தானியா 1950இல் விதித்தது 14 ஆண்டுச் சிறை. எதெலின் தம்பியும் அரசதரப்பின் பிரதான சாட்சியுமான டேவிட் கிறீன்கிளாஸ் பெற்றது 15 ஆண்டு. அவர் மனைவிமீது வழக்கே தொடரப்படவில்லை. 1951 ஏப்ரல் 5 அன்று மரணதண்டனை விதித்த நீதிபதி கோஃப்மன், இவர்களின் செயல் கொலையினுங் கொடியது என்றும், கொரியப் போரின் உயிரிழப்புகளுக்கும் இவர்களே காரணர் என்றுங் கூறினார். கொரியப் போர் குறித்து யூரிமுன் எக்குற்றச்சாட்டும் இருந்ததில்லை.

1953 சனவரியில் மனு ஜனாதிபதி ட்றூமனை அடைந்தது. ஐன்ஸ்ரைனும் இரசாயன அறிஞர் யூறியும் எழுதினர்; பாப்பரசர் 12ஆம் பத்திநாதரின் வேண்டுகோளுஞ் சென்றது. முடிவெடுக்காமலே ட்றூமன் சனவரி 20இல் பதவி நீங்கினார். அடுத்து வந்த ஐசனோவர் பெப்ரவரி 11 அன்று மறுத்தார். எதெல் ஒரு பெண், பத்தும் ஆறும் வயதான இரு மைந்தரின் தாய் என்ற வாதத்தை அவர் எவ்வாறு எதிர்கொண்டார் என்பது, கொரியாவிலிருந்த தம் மகனுக்கு அவர் யூன் 16இல் எழுதிய கடிதத்தாற் புலனாகிறது. இவ்விருவருள் உறுதி படைத்தவரும் தலைமை வகித்தவரும் அப்பெண்ணே என்றும், அவளுக்கு இரங்கினால் சோவியத் தரப்பு இனிப் பெண்களையே உளவாளிகளாகச் சேர்க்கும் என்றும் அவர் கருதினார்.

கருணை வேறொரு வடிவிலும் முன்வைக்கப்பட்டது. யூன் தொடக்கத்திற் சிறைச்சாலைகளின் பணிப்பாளர் நேரிற் சென்று, ஒத்துழைத்தால் உயிர் தப்பலாம் என உணர்த்தினார். இருவரும் மறுத்தனர். இறுதி இரவிலும் புலனாய்வுப் பணியகத்தார் தொலைபேசித் தொடர்புடன் சிறையினுள்ளே காத்திருந்தனர். இதனைக் கருணை என்பதினும் பேரம் என்பதே பொருந்தும். இதனிடையே நீதியரசர் டக்ளஸ் யூன் 17இல் வழங்கிய இடைநிறுத்த ஆணையை, விடுமுறையிற் கூடிய உயர் நீதிமன்றம் இரண்டே நாளில் 6க்கு 3 என நீக்கிவிட்டது.

முற்போக்காளர் இன்று கூச்சமின்றி ஏற்கவேண்டிய ஒன்றுண்டு. 1995இல் வெளியிடப்பட்ட வெனோனாத் தந்திகள் யூலியஸ் சோவியத் உளவுச்சேவைக்குப் பணியாற்றியதைக் காட்டின. உடன் விசாரிக்கப்பட்டு 30 ஆண்டுத் தண்டனை பெற்ற மோர்ட்டன் சோபெலும் 2008இல் அதனை ஒப்புக்கொண்டார். குற்றமின்மையையே முழு ஆதாரமாகக் கொண்டிருந்த வாதம், யூலியஸைப் பொறுத்தவரை இவற்றோடு வீழ்ந்தது. தண்டனையின் அளவைப் பற்றிய வாதத்தை இவை தீண்டவேயில்லை.

எதெலின் நிலை வேறு. இரகசியக் குறிப்புகளை அவரே தட்டச்சிட்டார் என்ற சாட்சியமே விசாரணையில் அவருக்கெதிராக முதன்மை பெற்றது. யார் தட்டச்சிட்டார் என்பது தமக்கு நினைவில்லை என 2001இல் கிறீன்கிளாஸ் கூறினார். வெனோனாத் தந்திகளில் எதெலுக்கு மறைபெயரும் இல்லை. 2024இல் வெளிவந்த குறிப்பொன்று, தந்திகளை வாசித்தறிந்த அரச மறையெழுத்து வல்லுநர் 1950 ஓகஸ்ட் மாதத்திலேயே, கணவனின் பணியை எதெல் அறிந்திருந்தாரேயன்றி அதில் ஈடுபட்டிலர் என முடிவுசெய்திருந்ததைக் காட்டுகிறது. அவர் கைதானதும் அதே மாதத்திலேயே.

2016 திசெம்பரில் அவ்விரு மைந்தரும் தாயின்மீதான தீர்ப்பை மறுதலிக்குமாறு கோரி வெள்ளை மாளிகை வாயிலுக்குச் சென்றனர். மூத்தவர் தம் பத்தாம் வயதில் ஐசனோவருக்குக் கடிதங் கொடுத்ததும் அவ்விடத்திலேதான். ஒபாமாவும் முடிவேதும் அறிவிக்காமலே 2017 சனவரி 20 அன்று பதவி நீங்கினார்.