தோள் முதல் டிராக்டர் வரை: நம் கரையில் படகு இறக்கிய வரலாறு



விழா மலர் என்றால் கோவில் கோபுரம் எழுந்த வரலாறு, கொடிமரம் நட்ட வரலாறு, பணியாற்றிய குருக்களின் வரிசை ஆகியவை இடம்பெறுவது வழக்கம். அவற்றை இம்மலரின் வேறு பக்கங்களில் காண்பீர்கள். நாம் இங்கு எழுத முற்படுவது யாரும் எழுதாத ஒரு வரலாறு. நம் கோவிலின் ஒவ்வொரு கல்லும் மீன் விற்ற காசில் வாங்கியது. அந்த மீன் கரைக்கு வருமுன், படகு ஒரு மணல் திட்டைத் தாண்டிக் கடலில் இறங்க வேண்டும். பின் அதே மணலைத் தாண்டிக் கரை ஏற வேண்டும். நூறு அடி கூட இல்லாத இந்த மணலில்தான் நம் முன்னோர் தோள் தேய்ந்து உழைத்தார்கள்.

கட்டுமரக் காலம்

1542-ஆம் ஆண்டு புனித சவேரியார் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தபோதும், 1544-இல் திருவிதாங்கூர்க் கரையில் முக்குவ மக்களுக்குத் திருமுழுக்கு அளித்தபோதும், அவர் கண்ட கரை துறைமுகம் இல்லாத திறந்த கரை. இத்தகைய கரைக்கு ஏற்ற கலம் கட்டுமரம். இலேசான மரங்களைச் செதுக்கிக் கயிற்றால் பிணைத்த கலம் அது. அலை அதன் இடுக்குகள் வழியே வடிந்து போகும், கவிழ்ந்தாலும் முழுகாது. கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொரு மரத்தையும் தோளில் தூக்கி வந்து மணலில் காயப்போடுவார்கள். நீர் குடித்த மரம் கனக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆங்கில மொழி தன் அகராதிக்குக் கடன் வாங்கிய தமிழ்ச் சொற்களுள் கட்டுமரம் ஒன்று என்பது நமக்குப் பெருமை.

கட்டுமரத்தை இறக்க அதை ஓட்டுபவர்களே போதும். வள்ளத்திற்கு அது போதாது. அடியில் மர உருளைகளை அடுக்கி, இருபுறமும் ஆட்கள் தோள் கொடுத்து, ‘ஏலேலோ’ பாட்டுக்கு ஏற்பத் தள்ளினார்கள். தோள் கொடுத்தவனுக்குக் கூலி கிடையாது. படகு திரும்பியதும் ஒரு கை மீன் கிடைக்கும். கடலுக்குப் போக முடியாத முதியவரும், ஆண் துணை இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் கயிறு பிடித்துவிட்டுக் கைமீன் பெற்று உலை ஏற்றினார்கள். இதை மறவாதிருங்கள், பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

எந்திரம் வந்தது, கனமும் வந்தது

1952-ஆம் ஆண்டு இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி கொல்லத்திற்கு அருகே நீண்டகரை, சக்திகுளங்கரை ஊர்களில் மீன்பிடி எந்திரமயமாகத் தொடங்கியது. விசைப்படகுக்குக் கழிமுகமோ துறைமுகமோ வேண்டும். அலை நேராக வந்து மோதும் நம்மைப் போன்ற ஊர்கள் பின்தங்கின. இக்குறையை உணர்ந்து, 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட வங்காள விரிகுடாத் திட்டம், எந்திரம் பூட்டியும் மணலில் ஏறக்கூடிய படகுகளை உருவாக்கிச் சோதித்தது. 1980-களில் ஒட்டுப்பலகைப் படகுகளும், பின்னர் பைபர் படகுகளும் நம் மாவட்டத்துக் கரைகளில் பெருகின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பாலானவை பைபர் படகுகளே.

பைபர் படகைக் கட்டுமரம் போலக் கழற்றித் தூக்க முடியாது. எந்திரம், நனைந்த வலை, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன் அளவுக்கு வந்துவிடும். மணலில் இழுக்க இழுக்க அடிப்பாகம் தேயும். படகு கனத்தது, தள்ளும் கைகளோ குறைந்தன. பிள்ளைகள் படித்து வெளியூர், வெளிநாடு என்று போய்விட்டார்கள். அது குறையன்று, நாம் வேண்டிப் பெற்ற வரம். ஆனாலும் ஆனி, ஆடி மாதங்களில் படகு கரையேற முடியாமல் அலையில் புரண்டபோது, இழுக்க ஆளில்லாத வேதனையை நாம் நேரில் கண்டோம்.

பிற நாட்டுக் கரைகளில்

இத்துயரம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1824-இல் தோன்றிய உயிர்காப்புப் படகுச் சங்கத்தின் வரலாறும் இதே கதைதான். 1899 ஜனவரியில் லின்மவுத் என்னும் ஊரில் புயல் காரணமாகப் படகை இறக்க முடியவில்லை. குதிரைகளைப் பூட்டி, ஏறத்தாழ நூறு பேர் கூடி, படகை இரவெல்லாம் மலைப்பாதையில் சுமார் 13 மைல் இழுத்துச் சென்று வேறொரு கரையில் இறக்கினார்கள். டஞ்சனெஸ் என்னும் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பெண்களே படகைக் கடலில் தள்ளினார்கள். முதல் உலகப் போருக்குப் பின் ஆளும் குதிரையும் அரிதாகவே, 1920-இல் ஹன்ஸ்டன்டன் கரையில் டிராக்டரைக் கொண்டு சோதனை நடத்தினார்கள். வயலுக்கென்று பிறந்த எந்திரம் கடலில் இறங்கிய கதை அங்கிருந்து தொடங்குகிறது. நாளடைவில் உப்புநீர் புகாதவாறு மூடப்பட்ட தனிவகை டிராக்டர்களையே அவர்கள் செய்துகொண்டார்கள். அத்தகைய செலவுக்கு நாம் எங்கே போவது? 1959-இல் ஐஷர், அடுத்த ஆண்டுகளில் டாபே, மகிந்திரா என்று நம் நாட்டில் உற்பத்தியான டிராக்டர்கள் யாவும் உழவுக்கென்று வந்தவை. அவற்றுள் ஒன்றைத்தான் நாம் கடலுக்குப் பழக்க வேண்டியிருந்தது.

நம் ஊர் கற்ற பாடம்

முதலில் மலிவு கருதி, உழுது களைத்த பழைய டிராக்டர் ஒன்றை வாங்கினோம். குதிரைத்திறன் அதிகம் என்று நாமே பரிந்துரைத்தோம். அத்தவற்றை இங்கே ஒப்புக்கொள்கிறோம். இரண்டாம் பருவத்திற்குள் பிரேக்கும் கிளச்சும் துருப்பிடித்தன. ஒருநாள் மாலை, அலை வடியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கயிறு மாட்டினார்கள். பின்வாங்கும் அலை சக்கரத்தின் அடிமணலைக் கரைத்துவிடும் என்பதை நாம் அறிந்திருக்கவில்லை. வண்டி அச்சுவரை புதைந்தது. படகை இழுக்க வந்த டிராக்டரை ஊரே கூடி இழுத்தது!

அடுத்த டிராக்டரைத் தேர்வு செய்யுமுன் நிதானமாக ஆராய்ந்தோம். கண்டறிந்தவற்றைப் பிற கரையூர்களுக்கும் பயன்படும் என்று இங்கே குறித்து வைக்கிறோம்.

முதலாவது, குதிரைத்திறன் மட்டும் போதாது. பொடி மணலில் சக்கரம் பிடிப்பதே முக்கியம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, அகலமான டயர், அதில் சற்றுக் குறைந்த காற்று ஆகியவை வேண்டும். இரண்டாவது, கயிற்றைத் தாழ்வான கொக்கியில்தான் மாட்ட வேண்டும். பின் அச்சுக்கு மேலே கட்டினால் முன்பக்கம் தூக்கி, வண்டி ஓட்டுநர் மேலேயே கவிழும். மூன்றாவது, கயிறு நீளமாக இருக்கட்டும். வண்டி உறுதியான தரையில் நிற்க, படகு மட்டும் அலையில் இருக்க வேண்டும். நான்காவது, எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டி நல்லது. உப்பு அதை எளிதில் தின்னாது. ஐந்தாவது, மின்னணுப் பாகங்கள் குறைவாகவும், உதிரிப்பாகங்கள் பக்கத்து நகரிலேயே கிடைப்பதாகவும் இருக்க வேண்டும். இறுதியாக, எந்த வண்டியானாலும் நாள்தோறும் நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸ் வைக்க வேண்டும். ஒருநாள் சோம்பல், ஒரு மாதச் செலவு.

கைமீன் கேள்வி

இவற்றையெல்லாம் ஊர்க்கூட்டத்தில் நாம் விளக்கி முடித்தபோது, பின்வரிசையிலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்தார். “சாமி, டிராக்டர் படகை இழுத்துப் போடும். எங்களுக்குக் கைமீனை யாரு தருவா?” என்றார். கூட்டம் அமைதியாயிற்று. டயரைப் பற்றியும் கொக்கியைப் பற்றியும் பேசத் தெரிந்த நமக்கு, அதற்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை.

இரண்டு கூட்டங்களுக்குப் பின் ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. ஒவ்வொரு படகும் டிராக்டருக்குத் தரும் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தனியே எடுத்துவைத்து, முதியோருக்கும் கைம்பெண்களுக்கும் மாதந்தோறும் பகிர்வது என்பதே அது. நன்று. ஆனால் டீசல் விலை ஏறிய மாதங்களில் அந்தப் பகுதி வெறுமையாகப் போனதும் உண்டு. கைமீன் பெற்றவர் உழைத்துப் பெற்றார். இன்று கையெழுத்திட்டுப் பெறுகிறார். இரண்டும் ஒன்றல்ல என்பதை நாம் உணர்கிறோம்.

ஆயினும் ஒன்று கண்டோம். டிராக்டர் ஓட்டும் இளைஞனின் முகம் கரையை நோக்கியிருக்கும். முதுகுக்குப் பின்னால் வரும் அலை அவனுக்குத் தெரியாது. பெரிய அலைகள் வரிசையாக வந்து ஓய்ந்தபின் வரும் அமைதியை அறிந்து, துண்டை வீசி ‘இப்போ இழு’ என்று சொல்ல அனுபவம் வேண்டும். அன்று கேள்வி கேட்ட பெரியவரே அப்பணியை ஏற்றார். அவர் துண்டு வீசாமல் வண்டி நகர்வதில்லை. அதற்கு அவருக்குக் கைமீன் உண்டு. அதை யாரும் தர மறுப்பதில்லை.

ஆண்டவர் இயேசு மக்களுக்குப் போதிக்கும்முன் சீமோனின் படகில் ஏறி, அதைக் கரையிலிருந்து சற்றுத் தள்ளச் சொன்னார் என்று லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். அன்று யாரோ ஒருவர் தோள் கொடுத்திருப்பார். அவர் பெயர் எழுதப்படவில்லை. நம் கரையிலும் பெயர் எழுதப்படாத தோள்கள் ஏராளம். இந்த விழா மலரில் இப்பக்கத்தை அவர்களுக்குக் காணிக்கையாக்குகிறோம்.

இளைஞரிடம் ஒரு வேண்டுகோள். தை முதல் பங்குனி வரை கடலாமைகள் முட்டையிடும் மணலில் இரவில் வண்டி ஓட்டாதீர்கள். அலைத் தடுப்புக்குக் கல் கொட்டும்போது படகு இறங்க இடைவெளி விடுமாறு கேட்டுப் பெறுங்கள். மணல் போனால் எத்தனை நல்ல டிராக்டரும் வீணே. முதியோர் நிதியை மட்டும் ஒரு மாதமும் வெறுமையாக விடாதீர்கள்.

கடலின் விண்மீனாகிய அன்னை மரியாள் நம் படகுகளையும், அவற்றை இறக்கும் கைகளையும் காப்பாராக.

உங்கள் பங்குத்தந்தை