பிபிசி மைக்ரோ கணினியின் அமைப்பு விருப்பங்கள்

பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் பிபிசி மைக்ரோ கணினியை வெளியிட்டது. இந்திய அரசு 1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் இந்தக் கணினியே மாணவர்களைச் சென்றடைந்தது. மொகாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் இதை ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் தயாரித்தது.

இதன் தொடக்க அமைப்புகள் விசைப்பலகையின் சர்க்யூட் பலகையில், வலது ஓரத்தில் உள்ள எட்டு இணைப்புகளில் இருந்தன. கம்பியைப் பற்றவைத்தோ சிறு சுவிட்சுகளைப் பொருத்தியோ அவற்றை மாற்றலாம். மூன்று இணைப்புகள் திரையின் தொடக்க முறையையும், ஒன்று ஷிஃப்ட்-பிரேக் விசைகளின் செயலையும், இரண்டு வட்டு இயக்கியின் வேகத்தையும் தீர்மானித்தன. திறந்த இணைப்பு 1 என்றும் மூடியது 0 என்றும் படிக்கப்படும். எல்லாம் திறந்திருந்தால் மதிப்பு 255. கணினி ஏழாம் திரை முறையில் தொடங்கும். ஓஎஸ்பைட் 255 என்ற இயக்க முறைமை அழைப்பு வழியே நிரலும் அதே மதிப்பைப் படிக்க முடியும்.

1986-இல் வந்த ‘மாஸ்டர்’ மாடலில் அமைப்புகள் பேட்டரியால் காக்கப்படும் நினைவகத்துக்கு மாறின. ‘ஸ்டேட்டஸ்’ கட்டளை அவற்றைத் திரையில் பட்டியலிட்டது. ‘கான்ஃபிகர்’ கட்டளை மாற்றியது. இதனால் பெட்டியைத் திறக்காமலே அமைப்பை மாற்ற முடிந்தது.